குழந்தையின் முழங்கை முறிவும் ஆபரேஷனும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முழங்கை உடைந்த பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் முதலில் கேட்பது, "ஆபரேஷன் பண்ணியே ஆகணுமா?" அடுத்தது, "கை கோணலாகிடுமா?" எலும்பு மருத்துவர்களுக்கு முதலில் தோன்றும் கேள்வி வேறு: விரல்கள் எப்படி இருக்கின்றன? குழந்தையின் எலும்பு, ஒரே ஒரு முறிவைத் தவிர, பெரும்பாலும் தானாகவே சேர்ந்துவிடும். முழங்கைக்கு முன்னால் ஓடும் ரத்தக்குழாயும் நரம்புகளும்தான் எங்கள் தூக்கத்தைக் கெடுப்பவை. கீழேயுள்ள பதில்களில் விரல் திரும்பத் திரும்ப வந்தால் அதனால்தான்.

விழுந்தவுடன் என்ன செய்ய வேண்டும்?

கையை நேராக்கவும் வேண்டாம், மடக்கவும் வேண்டாம். எந்த வாக்கில் இருக்கிறதோ அந்த வாக்கிலேயே அடியில் ஓர் அட்டையையோ மடித்த செய்தித்தாளையோ கொடுத்து, துணியால் தளர்வாகக் கட்டுங்கள். மோதிரம், வளையல், கைக்கடிகாரம் எது இருந்தாலும் அப்போதே கழற்றிவிடுங்கள். வீக்கம் ஏறிய பிறகு வெட்டித்தான் எடுக்க வேண்டியிருக்கும். தேய்ப்பது, உருவுவது, இழுத்துவிடுவது எதுவும் கூடாது. உடைந்த எலும்பின் முனை கத்தி மாதிரி இருக்கும். அதற்கு நேர் முன்னால்தான் கைக்குப் போகும் பெரிய ரத்தக்குழாய் ஓடுகிறது.

அழுகிறதே என்று சாப்பிடவோ குடிக்கவோ எதுவும் கொடுக்காதீர்கள். ஆபரேஷன் என்று முடிவானால் வயிறு காலியாக இருக்க வேண்டும். தோல் கிழிந்து ரத்தம் வந்தால் சுத்தமான துணியால் மூடிக்கொண்டு உடனே கிளம்புங்கள்.

ஒரு விலக்கு உண்டு. நாலைந்து வயதுக்குட்பட்ட குழந்தை விழவே இல்லை, யாரோ கையைப் பிடித்துத் தூக்கினார்கள், அதிலிருந்து கையை அசைக்க மாட்டேன் என்கிறது, வீக்கமும் இல்லை என்றால், அது முறிவாக இல்லாமல், முன்கையின் இரண்டு எலும்புகளில் கட்டைவிரல் பக்கம் இருக்கும் ஆரை எலும்பின் தலை லேசாக நழுவியதாக இருக்கலாம். டாக்டர் ஒரு திருப்பு திருப்பினால் சில நிமிடத்தில் குழந்தை கையைத் தூக்கும். ஆனால் கீழே விழுந்த குழந்தைக்கு இதை யாரும் வீட்டில் முயன்று பார்க்கக் கூடாது.

ஏன் குழந்தைகளுக்கு இந்த இடத்திலேயே உடைகிறது?

தோளிலிருந்து இறங்கும் மேற்கை எலும்பு, முழங்கைக்குச் சற்று மேலே தட்டையாக விரிகிறது. அங்கே முன்பக்கம் ஒரு குழி, பின்பக்கம் ஒரு குழி. இரண்டுக்கும் நடுவே மிஞ்சுவது மெல்லிய தகடுதான். போதாக்குறைக்கு, சிறு பிள்ளைகளின் மூட்டு நெகிழ்வானது. கையை ஊன்றி விழும்போது முழங்கை நேர்கோட்டையும் தாண்டிப் பின்னோக்கி வளைகிறது. நாம் மேசைமேல் ஊன்றுகிறோமே, அந்த முழங்கை முனை பின்குழிக்குள் போய் முட்டி, கடப்பாரை போல நெம்ப, மெல்லிய இடம் விரிசல் விடுகிறது.

ஆஸ்பத்திரிச் சீட்டில் இதை 'சூப்ராகாண்டைலர்' முறிவு என்று எழுதுவார்கள். பிள்ளைகளின் முழங்கை முறிவுகளில் பாதிக்கு மேல் இதுதான். 5 முதல் 7 வயதில் அதிகம். நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல், உடைந்த கீழ்த்துண்டு பின்பக்கமாகத்தான் நகர்ந்திருக்கும்.

எக்ஸ்ரேயைப் பார்த்தால் எனக்கு ஒன்றும் புரியவில்லை. துண்டு துண்டாகத் தெரிகிறதே?

அந்தத் துண்டுகள் எல்லாம் முறிவு இல்லை. குழந்தையின் முழங்கையில் பெரும்பகுதி குருத்தெலும்பு. அது எக்ஸ்ரேயில் விழாது. வளர வளர ஆறு இடங்களில் எலும்பு அரும்பு விடும். ஏறக்குறைய 1, 3, 5, 7, 9, 11 வயதுகளில், ஒரு வரிசைப்படி. பெண் பிள்ளைகளுக்குச் சற்று முன்னதாகவே வரும்.

இந்த வரிசையை மனப்பாடம் செய்வதில் பலன் உண்டு. 7 வயதில் தோன்ற வேண்டிய அரும்பு இருக்கும் இடத்தில் ஒரு துண்டு தெரிகிறது. ஆனால் அதற்கு முன்பே, 5 வயதில் உள்பக்கம் வந்திருக்க வேண்டிய அரும்பு அதன் இடத்தில் காணவில்லை. அப்படியானால் தெரிவது 7 வயது அரும்பு அல்ல. உள்பக்கத்து எலும்பு பிய்ந்து மூட்டுக்குள் மாட்டிக்கொண்டிருக்கிறது. அவசரத்தில் பார்ப்பவர் கண்ணுக்கு எல்லாம் சரியாக இருப்பது போலவே தெரியும்.

சில சமயம் கோடே தெரியாது. எலும்புக்குப் பின்னால் கறுப்பாக ஒரு நிழல் மட்டும் எழும்பி நிற்கும். உள்ளே ரத்தம் கசிந்து, மூட்டிலுள்ள கொழுப்பை வெளியே தள்ளியிருக்கிறது என்று அர்த்தம். விரிசல் இருப்பதாக எடுத்துக்கொண்டு கட்டுப் போடுவோம். சந்தேகம் வந்தால் நல்ல கையையும் எக்ஸ்ரே எடுத்து ஒப்பிடுவது உண்டு. "அந்தக் கைக்கு எதற்கு?" என்று கோபப்பட வேண்டாம்.

எல்லா முறிவுக்கும் ஆபரேஷன் தேவையா?

இல்லை. சூப்ராகாண்டைலர் முறிவை, கார்ட்லாண்ட் என்ற அறுவை மருத்துவர் 1959-இல் சொன்ன மூன்று வகைகளாகத்தான் இன்றும் பிரிக்கிறோம். முதல் வகையில் விரிசல் இருக்கும், எலும்பு நகர்ந்திருக்காது. மாவுக்கட்டு மூன்று, நான்கு வாரம் போதும். மூன்றாம் வகையில் இரண்டு துண்டும் முழுக்கப் பிரிந்துவிட்டிருக்கும். அதற்கு ஆபரேஷன் செய்து எலும்புக்குள் கம்பி வைப்பதுதான் வழக்கம், அதில் பெரிய விவாதம் இல்லை.

தலைவலி இரண்டாம் வகையில்தான். முன்பக்கம் திறந்து, பின்பக்கம் பச்சைக் குச்சி போல ஒட்டிக்கொண்டிருக்கும். பக்கவாட்டு எக்ஸ்ரேயில் மேற்கை எலும்பின் முன்விளிம்பை ஒட்டி ஒரு கோடு இழுத்தால், அது கீழே இருக்கும் உருண்டையான அரும்பின் நடுவே போக வேண்டும். கொஞ்சம் விலகியிருந்தால் கட்டோடு விட்டு ஒரு வாரத்தில் மறுபடி எக்ஸ்ரே எடுப்பவர்கள் உண்டு. கோடு அரும்பைத் தொடவே இல்லை, அல்லது எலும்பு பக்கவாட்டிலும் சாய்ந்திருக்கிறது, திரும்பியிருக்கிறது என்றால் கம்பி வைப்பதே நல்லது. இரண்டு டாக்டர் இரண்டு விதமாகச் சொன்னால் ஒருவர் ஏமாற்றுகிறார் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். இந்த எல்லையில் நியாயமாகவே இரண்டு கருத்து உண்டு.

கட்டுப் போட்டாலே எலும்பு சேரும் என்கிறீர்கள். அப்புறம் கம்பி எதற்கு?

நல்ல கேள்வி. எலும்பைச் சேர்ப்பதற்காகக் கம்பி வைப்பதில்லை. முழங்கையை இறுக்கி மடக்காமல் இருப்பதற்காக வைக்கிறோம்.

முழுக்கப் பிரிந்த எலும்பை இழுத்துச் சரிசெய்துவிடலாம். ஆனால் கையை விட்டால் மறுபடி நழுவும். கம்பி இல்லாமல் அதை நிறுத்த ஒரே வழி, முழங்கையை நன்றாக, 120 பாகை அளவுக்கு மடக்கி வைத்துக் கட்டுவது. முன்பு அப்படித்தான் செய்தார்கள். வீங்கிப்போன முழங்கையை அந்த அளவு மடக்கினால், தண்ணீர்க் குழாயை மடித்துப் பிடித்த கதைதான். கீழே ரத்தம் போகாது. மேலே கட்டு வேறு இறுக்கும். முன்கைத் தசைகள் சில மணி நேரத்தில் சாக ஆரம்பிக்கும். பிறகு அவை நார் போலச் சுருங்கி, மணிக்கட்டும் விரல்களும் உள்ளே மடங்கிய நிலையிலேயே இறுகிவிடும். 1881-இல் ஜெர்மன் மருத்துவர் ஃபோல்க்மான் இப்படிச் சுருங்கிய கைகளை விவரித்து எழுதினார். இன்றும் அது அவர் பெயரால்தான் வழங்குகிறது. எலும்பு அழகாகச் சேர்ந்திருக்கும், கைதான் உபயோகமில்லாமல் போயிருக்கும்.

கம்பி வந்ததும் இந்தக் கட்டாயம் போனது. எலும்பைக் கம்பி பிடித்துக்கொள்கிறது. முழங்கையை 90 பாகைக்கும் குறைவாக மடக்கி, தளர்வாகக் கட்டிவிடலாம். ரத்தம் தாராளமாகப் போகும். எனக்குக் கேட்டால், குழந்தைகளின் முழங்கை சிகிச்சையில் நடந்த ஆகப் பெரிய மாற்றம் இதுதான்.

அதனால்தான் உருவிவிட்டு இறுக்கிக் கட்டும் எந்த வைத்தியமும் இந்த இடத்துக்கு ஆபத்து. மணிக்கட்டிலோ தோளெலும்பிலோ தப்பித்துக்கொள்ளலாம். முழங்கை மன்னிக்காது.

ஆபரேஷனில் என்ன நடக்கும்? கையைக் கிழிப்பார்களா?

பெரும்பாலும் கத்தியே தேவைப்படாது. குழந்தை முழு மயக்கத்தில் இருக்கும்போது கையை மெல்ல இழுத்து, பக்கவாட்டு நகர்வைச் சரிசெய்து, முழங்கை முனையைக் கட்டைவிரலால் முன்னுக்குத் தள்ளியபடி கையை மடக்குவார்கள். எலும்பு இடத்தில் போய் உட்காரும். 'சி-ஆர்ம்' என்ற நகரும் எக்ஸ்ரே கருவியின் திரையில் அதைப் பல கோணத்திலும் பார்த்து உறுதிசெய்துகொண்டு, ஒன்றரை முதல் 2 மில்லிமீட்டர் தடிமனுள்ள கம்பிகளைத் தோல் வழியாகவே எலும்புக்குள் செலுத்துவார்கள். 'கே-வயர்' என்று காதில் விழுமே, அது இதுதான். இதை அறிமுகப்படுத்திய கிர்ஷ்னர் பெயரின் முதலெழுத்து அது.

கம்பியின் முனையைத் தோலுக்கு வெளியே விட்டு, வளைத்து, வெட்டி, பஞ்சு வைத்து, மேலே அரைக்கட்டு போடுவார்கள். எல்லாம் ஒழுங்காகப் போனால் அரை மணி முதல் ஒரு மணி நேரம். குழந்தை உள்ளே போய் வெளியே வர அதைவிட அதிக நேரம் ஆகும். மயக்கம் கொடுக்கவும் தெளியவும் நேரம் வேண்டும் அல்லவா?

சிலருக்குத் திறந்துதான் ஆக வேண்டும். எலும்பு முனை முன்பக்கத் தசையைக் கிழித்துக்கொண்டு தோலுக்கு அடியில் வந்து நிற்கும். முழங்கை மடிப்புக்கு மேலே தோல் பொத்தான் குழி போல உள்ளே இழுத்துக் காணப்படும். பல நேரம் தசையைப் பிசைந்தே எலும்பை விடுவித்துவிடலாம். முடியாவிட்டால், நடுவில் நரம்போ ரத்தக்குழாயோ சிக்கியிருந்தால், அல்லது காயம் திறந்திருந்தால், திறந்து பார்க்க வேண்டும். "உள்ளே போன பிறகு முடிவு மாறலாம்" என்று ஒப்புதல் படிவத்தில் எழுதியிருப்பது இதற்காகத்தான்.

ஒருவருக்கு இரண்டு கம்பி, இன்னொருவருக்கு மூன்று. ஏன்?

முறிவின் நிலையைப் பொறுத்தது. வெளிப்பக்கத்திலிருந்து இரண்டு அல்லது மூன்று கம்பிகளை விசிறி போல விரித்து வைப்பது ஒரு முறை. வெளியிலிருந்து ஒன்று, உள்பக்கத்திலிருந்து ஒன்று எனக் குறுக்காக வைப்பது இன்னொன்று. பிடிமானம் சற்றுக் கூடுதல். ஆனால் உள்பக்கம் எலும்புக்குப் பின்னால் அல்னர் நரம்பு ஓடுகிறது. முழங்கையை இடித்துக்கொண்டால் சுண்டுவிரல் வரை மின்சாரம் பாய்வது போலிருக்குமே, அந்த நரம்பு. கம்பி அதை உரசிவிடலாம். அதனால் பலரும் வெளிப்பக்கத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள். உள்பக்கம் வேண்டும் என்றால் சிறிதாகக் கீறி, நரம்பை ஒதுக்கி வைத்துக்கொண்டு கம்பி செலுத்துவது பாதுகாப்பு.

இரவோடு இரவாகச் செய்தே ஆக வேண்டுமா?

கை சூடாக, சிவப்பாக இருந்து, நாடி துடித்து, விரல் அசைந்தால் காலை வரை பொறுக்கலாம். அரைத்தூக்கத்தில் இருக்கும் குழுவைவிட, காலையில் தெளிவாக இருக்கும் குழு செய்வது மேல். அதுவரை கையை லேசாக மட்டும் மடக்கித் தாங்கல் கட்டி உயர்த்தி வைத்து, மணிக்கொரு தரம் விரலைப் பார்த்தபடி இருப்பார்கள்.

கை வெளுத்துச் சில்லிட்டிருந்தாலோ, காயம் திறந்திருந்தாலோ, தோல் கிழியப்போகிற மாதிரி இழுத்திருந்தாலோ, வலி ஏறிக்கொண்டே போனாலோ காத்திருக்கக் கூடாது.

"நாடி கிடைக்கவில்லை" என்றார்கள். கை போய்விடுமா?

பதற வைக்கும் வார்த்தைதான். ஆனால் இதில் இரண்டு நிலை உண்டு. நாடி இல்லை, ஆனால் கை ரோஸ் நிறமாக, சூடாக இருக்கிறது: முழங்கையைச் சுற்றிப் போகும் கிளைக் குழாய்கள் வழியே ரத்தம் போய்க்கொண்டிருக்கிறது. பெரிய குழாய் எலும்பு முனைமேல் இழுபட்டு நிற்கிறது. எலும்பை இடத்தில் வைத்ததும் பெரும்பாலும் நாடி திரும்பிவிடும். திரும்பாவிட்டாலும் கை சூடாகவே இருந்தால் ஓரிரு நாள் வார்டில் வைத்து உன்னிப்பாகக் கவனிப்பார்கள்.

நாடியும் இல்லை, கையும் வெளுத்துவிட்டது என்றால் உடனே தியேட்டர். எலும்பைச் சரிசெய்த பிறகும் ரத்தம் வராவிட்டால் குழாயைத் திறந்து பார்க்க வேண்டும். எக்ஸ்ரேயோடு சாயம் செலுத்திப் படமெடுக்கிறேன் என்று நேரத்தை வீணாக்கத் தேவையில்லை; அடைபட்ட இடம் முறிவு இருக்கும் இடம்தான்.

டாக்டர் வந்ததும் பிள்ளையோடு விளையாடுகிறார், "ஓகே" காட்டச் சொல்கிறார். இதுவா பரிசோதனை?

ஆமாம், இதுதான் முக்கியமான பரிசோதனை. விரலை மூடினால் மீடியன் நரம்பு. எல்லா விரலையும் நீட்டினால் ரேடியல் நரம்பு. கத்திரிக்கோல் போல விரல்களைப் பிரித்துச் சேர்த்தால் அல்னர் நரம்பு. கட்டைவிரல் நுனியும் ஆள்காட்டி விரல் நுனியும் சேர்ந்து வட்டமாக "ஓகே" வந்தால் மீடியனின் ஆழக் கிளை. இந்த முறிவில் அதிகம் அடிபடுவது அந்தக் கிளைதான். அது அடிபட்ட பிள்ளைக்கு வட்டம் வராது. இரண்டு விரலின் வயிறும் ஒட்டி, கிள்ளுகிற மாதிரி தட்டையாக நிற்கும். பிள்ளைக்கு மரத்துப்போன உணர்வு ஏதும் இருக்காது, ஏனென்றால் அந்தக் கிளை தோலுக்குப் போவதில்லை. கேட்டுப் பார்க்காவிட்டால் யாருக்கும் தெரியாது.

முழுக்க நகர்ந்த முறிவுகளில் சுமார் பத்தில் ஒரு பிள்ளைக்கு ஏதோ ஒரு நரம்பு மந்தமாக இருக்கும். பெரும்பாலும் நசுங்கல்தான், அறுந்திருப்பதில்லை. சில வாரங்களிலிருந்து ஆறு மாதத்துக்குள் திரும்பிவிடும். ஆனால் ஆபரேஷனுக்கு முன்னால் என்ன நிலை என்று எழுதி வைத்திருக்க வேண்டும். இல்லையென்றால் பிறகு விரல் அசையாதபோது அது விழுந்ததால் வந்ததா, கம்பியால் வந்ததா என்று யாராலும் சொல்ல முடியாது. இது உங்கள் பிள்ளைக்கும் நல்லது, டாக்டருக்கும் நல்லது.

மயக்க மருந்து குழந்தைக்குத் தாங்குமா?

ஆரோக்கியமான பிள்ளைக்கு ஒருமுறை, குறைந்த நேரம் கொடுக்கும் மயக்கம் மிகவும் பாதுகாப்பானது. திட உணவுக்குப் பிறகு 6 மணி நேரம், தாய்ப்பாலுக்கு 4, வெறும் தண்ணீருக்கு 2 மணி நேரம் என்பது பொதுவான இடைவெளி. சளி, வீசிங், குடும்பத்தில் யாருக்காவது மயக்க மருந்தில் சிக்கல் வந்தது, எதையும் மறைக்காதீர்கள். விழுவதற்குச் சற்று முன் ஒரு பிஸ்கட் தின்றதைக்கூடச் சொல்லுங்கள்.

கட்டுப் போட்டு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். எதைப் பார்த்துக்கொள்ள வேண்டும்?

முதல் 48 மணி நேரம் விரலைப் பாருங்கள். கையைத் தலையணைமேல், நெஞ்சுக்கு மேலே இருக்கும்படி வையுங்கள். நகத்தை அழுத்தி விட்டால் வெண்மை மறைந்து இரண்டு நொடிக்குள் சிவக்க வேண்டும். பிள்ளையை அடிக்கடி விரலை நீட்டி மடக்கச் சொல்லுங்கள்.

பயப்பட வேண்டிய குறி வலிதான். முன்கைத் தசைகள் உறைக்குள் வீங்கி அழுத்தம் ஏறும்போது பெரியவர்கள் விவரமாகச் சொல்வார்கள். சிறுபிள்ளைக்குச் சொல்லத் தெரியாது. சமாதானமாகாது, புரண்டுகொண்டே இருக்கும், மருந்து கொடுத்த ஒரு மணி நேரத்தில் மறுபடி மருந்து கேட்கும். நேற்று தூங்கிய பிள்ளை இன்று தூங்கவில்லை என்றால் அதை அடம் என்று நினைக்காதீர்கள். விரலை நீங்களே மெதுவாக நீட்டிப் பாருங்கள். அதற்கே வீறிட்டால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கட்டைத் தோல் தெரியும்வரை முழுக்கப் பிரிக்க வேண்டும். மேலோட்டமாக ஒரு வெட்டு போதாது. அதிலும் குறையாவிட்டால் தசை உறையைத் திறக்கும் ஆபரேஷன் சில மணி நேரத்துக்குள் நடக்க வேண்டும். நடுராத்திரியாயிற்றே, காலையில் பார்க்கலாம் என்ற யோசனை இங்கே வேண்டாம்.

வெளிப்பக்கக் குமிழ் உடைந்திருக்கிறதாம், 2 மில்லிமீட்டர்தான் விலகியிருக்கிறது. இதற்குப் போய் ஆபரேஷனா?

முதலில் "ஒரே ஒரு முறிவைத் தவிர" என்றேனே, அது இதுதான். மேற்கை எலும்பின் கீழ்முனையில் வெளிப்பக்கம் இருக்கும் குமிழ், 'லேட்டரல் காண்டைல்' என்று சீட்டில் இருக்கும். முழங்கை முறிவுகளில் இரண்டாம் இடம். எக்ஸ்ரேயில் சின்னச் சிம்பு உடைந்தது போல அப்பாவியாகத் தெரியும், ஏனென்றால் துண்டில் பெரும்பகுதி குருத்தெலும்பு. நிஜத்தில் அந்தக் கோடு, எலும்பு நீளமாக வளரும் இடமான வளர்ச்சித் தட்டையும் மூட்டின் மேற்பரப்பையும் பிளந்துகொண்டு போகிறது. மூட்டு நீர் இடைவெளிக்குள் புகுந்து சேரவிடாது. மணிக்கட்டைத் தூக்கும் தசைகள் எல்லாம் அந்தத் துண்டில்தான் தொடங்குகின்றன. கட்டுக்குள் இருந்தாலும் அவை இழுத்துக்கொண்டே இருக்கும்.

2 மில்லிமீட்டருக்குள் இருந்தால் கட்டுப் போட்டு வாராவாரம் எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கலாம். அந்த எக்ஸ்ரேக்களைத் தவறவிடாதீர்கள். நகர்ந்தால் முதல் ஓரிரு வாரத்தில் நகரும். அதற்கு மேல் விலகினால் கம்பியோ ஸ்குரூவோ வேண்டும். நன்றாக விலகியிருந்தால் திறந்து, மூட்டுப் பரப்பு படிக்கட்டு இல்லாமல் சமமாகச் சேர்வதைக் கண்ணால் பார்த்து வைப்பதே சரி. அப்போது துண்டின் பின்பக்கத்துத் தசையைச் சுரண்டக் கூடாது. அதற்கான ரத்தம் அந்த வழியாகத்தான் வருகிறது.

சேராமல் விட்டால் உடனே ஒன்றும் தெரியாது. பிள்ளை ஓடியாடும். வருடக்கணக்கில் முழங்கை வெளிப்பக்கமாகச் சாய்ந்துகொண்டே போய், உள்பக்க நரம்பு இழுபட்டு, பத்து இருபது வருடம் கழித்துச் சுண்டுவிரல் மரத்துப்போய் வந்து நிற்பார்கள்.

நன்றாகச் சேர்ந்தாலும் வெளிப்பக்கம் ஒரு புடைப்பு தெரியக்கூடும். புது எலும்பு சற்று அதிகமாக வளர்ந்ததால் வருவது. கையின் அசைவை அது கெடுப்பதில்லை.

முழங்கை பிசகி, உள்பக்கத்து எலும்பும் பிய்ந்திருக்கிறது என்கிறார்கள்?

9 முதல் 14 வயதுப் பிள்ளைகளுக்கு வருவது. ஏறக்குறைய பாதிப் பேருக்கு மூட்டு நழுவலோடு சேர்ந்தே வரும். பிய்ந்த துண்டு மூட்டுக்குள் சிக்கியிருந்தால் ஆபரேஷன் கட்டாயம். சிக்காமல் சில மில்லிமீட்டர் மட்டும் விலகியிருந்தால் என்ன செய்வது என்பதில் மருத்துவர்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை. பந்து வீசுவது, ஜிம்னாஸ்டிக்ஸ் என்று கையைக் கடுமையாகப் பயன்படுத்தும் பிள்ளைக்கு ஸ்குரூ வைப்பதன் பக்கம் நான் சாய்வேன். மற்றவர்களுக்குக் கட்டு போதும். எப்படியானாலும் இந்த முறிவில் மூட்டு சீக்கிரம் இறுகும். ஆகவே நீண்ட நாள் கட்டில் வைப்பதில்லை.

வேறு முறிவுகள்?

ஆரை எலும்பின் கழுத்து 30 பாகைக்கு மேல் சாய்ந்திருந்தால் நிமிர்த்த வேண்டும். தோல் வழியாக ஒரு கம்பியை விட்டு நெம்பியோ, மணிக்கட்டுப் பக்கத்திலிருந்து வளையும் கம்பி ஒன்றை எலும்புக்குள்ளேயே ஏற்றித் திருப்பியோ செய்வார்கள். முடிந்தவரை திறக்காமல் இருப்பதே இங்கே நல்லது. திறந்தால் இறுக்கம் அதிகம்.

முன்கையில் ஓர் எலும்பு மட்டும் உடைந்திருக்கிறது என்றால் முழங்கையையும் சேர்த்து எக்ஸ்ரே எடுத்தார்களா என்று கேளுங்கள். சுண்டுவிரல் பக்கத்து அரந்தி எலும்பு உடைந்து, ஆரை எலும்பின் தலை முழங்கையில் நழுவியிருக்கும் சேர்க்கையை இத்தாலிய மருத்துவர் மோன்டெஜியா 1814-இலேயே எழுதிவிட்டார். அது இன்னமும் கண்ணில் படாமல் தப்புகிறது. முதல் நாளே பிடித்தால் சுலபம். மாதக்கணக்கில் விட்டால் பெரிய ஆபரேஷன்.

கம்பியை எப்போது எடுப்பார்கள்? மறுபடி மயக்க மருந்தா?

சூப்ராகாண்டைலருக்கு மூன்று, நான்கு வாரம். வெளிக்குமிழுக்கு நான்கு முதல் ஆறு வாரம். வெளியே விட்ட கம்பிக்கு மயக்க மருந்து பொதுவாகத் தேவையில்லை, வெளிநோயாளிப் பிரிவிலேயே எடுத்துவிடலாம்.

அந்தக் காட்சி எப்போதும் ஒரே மாதிரிதான். மாவுக்கட்டு வெட்டும் மிஷின் சத்தத்துக்கே பிள்ளை அலறும். அதன் தகடு சுழல்வதில்லை, அதிர்வதுதான். முதலில் என் உள்ளங்கையில் வைத்துக் காட்டிவிட்டுத்தான் ஆரம்பிப்பேன். பஞ்சை எடுத்ததும் வளைந்த கம்பி முனைகள் தெரியும், சுற்றிலும் காய்ந்த பொருக்கு. அம்மா கண்ணை மூடிக்கொள்வார். குறட்டால் பிடித்து லேசாகத் திருப்பி இழுத்தால் ஒரு கம்பிக்கு ஓரிரு நொடி. மூன்றாவது வெளியே வரும்போது பிள்ளை, "அவ்வளவுதானா?" என்று கேட்கும், அல்லது இன்னும் முதல் கம்பிக்கே அழுதுகொண்டிருக்கும். ஒரு சொட்டு ரத்தம், ஒரு பிளாஸ்திரி. ஸ்குரூவோ தோலுக்குள் புதைத்த கம்பியோ ஆனால் எடுக்க மறுபடி தியேட்டர்தான்.

அதுவரை கட்டு நனையக் கூடாது. அரிக்கிறது என்று ஸ்கேலை உள்ளே விட்டுச் சொறிய விடாதீர்கள். கட்டுக்குள்ளிருந்து வாடை, ஈரம், காய்ச்சல், குறைந்த வலி மறுபடி கூடுவது, இவற்றில் எது வந்தாலும் தேதிக்குக் காத்திருக்காமல் காட்டுங்கள். கம்பி வழியே சீழ் பிடிப்பது சிலருக்கு நடக்கும்; பெரும்பாலும் மாத்திரையிலும், கம்பியை எடுத்துவிடுவதிலும் சரியாகிவிடும்.

கட்டைப் பிரித்த பிறகு கை நீளவே மாட்டேன் என்கிறது. பிசியோதெரபிக்கு எங்கே போவது?

எங்கும் போக வேண்டாம். இதை நம்பச் செய்வது ஆபரேஷன் செய்வதைவிடக் கடினம். மூன்று நான்கு வாரம் கட்டில் இருந்த முழங்கை இறுகித்தான் இருக்கும். பிள்ளை சாப்பிட, சட்டை போட, பொம்மை எடுக்க என்று கையைப் பயன்படுத்தப் பயன்படுத்த அது தானாகத் தளரும். பெரும்பகுதி இரண்டு, மூன்று மாதத்தில் வந்துவிடும். கடைசிச் சில பாகைகளுக்கு ஒரு வருடம்கூட ஆகலாம். சாதாரண சூப்ராகாண்டைலர் முறிவில், பிசியோதெரபிக்குப் போன பிள்ளைகளும் போகாத பிள்ளைகளும் கடைசியில் ஒரே இடத்துக்குத்தான் வந்து சேர்கிறார்கள்.

செய்யக் கூடாதது: தேய்த்துவிடுவது, வாளியைத் தூக்கச் சொல்வது, பெரியவர் ஒருவர் பிடித்து நீட்டுவது. வலுக்கட்டாயமாக இழுத்தால் தசைக்குள்ளேயே எலும்பு படிந்து, இறுக்கம் நிரந்தரமாகிவிடக் கூடும். தண்ணீரில் விளையாட விடுங்கள், பந்தை உருட்டச் சொல்லுங்கள், மேலே இருக்கும் சுவிட்சை அந்தக் கையால் போடச் சொல்லுங்கள். மூன்று மாதமாகியும் முன்னேற்றமே இல்லையென்றால் டாக்டர் சொல்லும் இடத்துக்குப் போகலாம்.

கை கோணலாகிவிடுமா? வளர்ச்சி நின்றுவிடுமா?

கோணல் வருவது பெரும்பாலும் எலும்பு கோணலாகச் சேர்ந்ததால்தான். கீழ்த்துண்டு உள்பக்கம் சாய்ந்தோ திரும்பியோ இருக்கும் நிலையில் சேர்ந்தால், கையை நீட்டும்போது முழங்கை துப்பாக்கிக் கட்டை போல வெளிப்பக்கம் வளைந்து நிற்கும். "வளர வளரச் சரியாகிவிடும்" என்று சொல்பவர்களை நம்பாதீர்கள். மேற்கை எலும்பின் நீளத்தில் 80 சதவீதம் தோள்பக்கத்து வளர்ச்சித் தட்டிலிருந்து வருகிறது, முழங்கைப் பக்கம் வெறும் 20 சதவீதம். தன்னைத்தானே திருத்திக்கொள்ளும் சக்தி இந்த முனையில் குறைவு. முன்னும் பின்னுமான வளைவு சிறு பிள்ளைக்குக் கொஞ்சம் சரியாகும். பக்கவாட்டுக் கோணல் அப்படியே இருக்கும். கை நன்றாகவே வேலை செய்யும், தோற்றம்தான் உறுத்தும். ஆண்டுகள் போனபின் சிலருக்கு மூட்டு தளர்வதும் உண்டு. வேண்டுமென்றால் எலும்பை ஆப்பு வடிவில் வெட்டி நிமிர்த்தலாம்.

இதே 20 சதவீதக் கணக்கில் ஒரு நன்மையும் இருக்கிறது. இந்தப் பக்கம் வளர்ச்சி கொஞ்சம் தடைபட்டாலும் கை பார்வைக்குக் குட்டையாகிவிடாது.

எப்போது விளையாடலாம்?

கட்டைப் பிரித்த மறுநாளே ஓடத்தான் போகிறது, தடுக்க முடியாது. சைக்கிள், தொங்குகம்பி, டிராம்போலின், மோதி விளையாடும் ஆட்டங்களை மட்டும் கட்டுப் பிரித்து ஆறு வாரம்வரை தள்ளிப்போடுங்கள். எக்ஸ்ரேயும் கையின் அசைவும் நன்றாக இருந்தால் பிறகு தடையில்லை.

தழும்பு தெரியுமா?

திறந்து செய்திருந்தால் ஒரு கோடு இருக்கும். கம்பி மட்டும் என்றால் முழங்கையின் பக்கத்தில் இரண்டு மூன்று புள்ளிகள். ஒரு வருடம் போனால் கொசு கடித்த தழும்பு அளவுக்குத்தான் தெரியும்.